பால் டப்பாவும் ஒன்பதாம் அத்தியாயமும்

இங்கிலாந்தில் எங்கள் சுரங்க ஊரான தோர்ல்பியில் ஈனிட் ஆன்ட்டியைப் பிடிக்காதவர்கள் பாதிப் பேர். மீதிப் பேர் அவருக்குப் பயந்தவர்கள். பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில் கரண்டி பிடித்தே ஓய்வு பெற்றவர். என் அப்பா சின்னப் பையனாக இருந்தபோது, வேகாத பட்டாணியைத் தட்டில் கொட்டி, "தின்னுட்டுத்தான் எந்திரிக்கணும்" என்று தலைக்கு மேல் நின்றாராம். அப்பா இன்றுவரை பட்டாணியைத் தொடுவதில்லை.

ஊர் அவரை மன்னித்து வைத்திருப்பதற்குக் காரணம் எண்பத்து நாலாம் வருட வேலைநிறுத்தம். நிலக்கரிச் சுரங்கத்தை மூடாதே என்று ஆண்கள் தெருவில் நின்றார்கள். சம்பளம் கிடையாது. சுரங்கத் தொழிலாளர் மன்றத்துச் சமையலறையில் ஈனிட் ஆன்ட்டிதான் ஒரு வருடம் ஊருக்கே உருளைக்கிழங்கு அவித்துப் போட்டார். அந்தக் குளிர்காலத்தில் அவருடைய சொந்தத் தம்பி டெரிக், போலீஸ் காவலோடு ஜன்னலுக்குக் கம்பி அடித்த பஸ்ஸில் ஏறி வேலைக்குத் திரும்பினார்.

கருங்காலியோடு எங்கள் ஊர் பேசாது. நாற்பது வருடமாக டெரிக்கோடு பேசவில்லை. அவர் பப்பில் உட்கார்ந்தால் பக்கத்து மேசை காலியாகும். அவர் மனைவியை அடக்கம் செய்தபோது பாதிரியாரையும் மகளையும் தவிர யாரும் வரவில்லை. மூன்று வீடு தள்ளி இருக்கும் அக்காவும் போகவில்லை.

எங்கள் ஊர் பத்திரிகைக்காரர்களோடும் பேசாது. வேலைநிறுத்தத்தின்போது அவர்கள் எழுதியதை யாரும் மறக்கவில்லை. தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது.

சர் ஹியூகோ பெல்டன் என்று ஒரு பழம்பெரும் பத்திரிகையாளர். மந்திரிகள், ஜெனரல்கள் எல்லாருடைய வாழ்க்கையையும் எழுதி முடித்துவிட்டு, எங்கள் சங்கத் தலைவர் லென் க்ரௌடரின் வாழ்க்கையை எழுத வந்தார். கதவைத் தட்டிய இடத்திலெல்லாம் கதவைச் சாத்தினார்கள். ஊரே பேசாத ஒரே ஆள்தான் அவரோடு பேசினார். தேநீர் வேறு கொடுத்திருப்பார்.

புத்தகம் செங்கல் கனம். நூலகத்தில் கதவு சாத்திக்கொள்ளாமலிருக்க முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். பிறகு அதை சர் ஹியூகோவே தன் குரலில் வாசித்து ஒலிப்புத்தகமாக்கினார். நூலகச் செயலியில் இலவசம். அவ்வளவுதான், ஊரே கேட்க ஆரம்பித்தது. டாக்சிக்காரர் வண்டியில் கேட்டார், முடிவெட்டுகிற மால்கம் கத்தரியோடு கேட்டார்.

ஈனிட் ஆன்ட்டிக்குக் கண் மங்கிவிட்டது. பக்கத்து வீடு என்பதால் அவருடைய டேப்லெட்டில் போட்டுக் கொடுத்தது நான். முதல் நாள் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டேன். ராணி கையால் பட்டம் வாங்கிய மனிதர் வாத்து மாதிரி கத்தினார்.

"ஏன்டா இப்படிப் பறக்கறான்? அவசரமா கக்கூஸ் போகணுமா இவனுக்கு?"

"லண்டன்காரங்க அப்படித்தான் ஆன்ட்டி பேசுவாங்க."

"வேகத்தைக் குறைடா கழுத. இல்ல, உன் காதைக் குறைச்சிருவேன்."

ஒன்பதாம் அத்தியாயம் சரியான வேகத்திலேயே ஓடியது. வெண்ணெய் தடவியது போன்ற குரல்: "ஆறு மாதக் குழந்தைக்குப் பால் பவுடர் கேட்டு, காலி டப்பாவுடன் வந்து நின்றாள் டெரிக்கின் மனைவி. சமையலறை ஜன்னலை இழுத்து மூடினாள், அந்தக் குழந்தையின் சொந்த அத்தை. அதன் பிறகே டெரிக் வேலைக்குத் திரும்பினான்."

ரொட்டியில் ஜாம் தடவிக்கொண்டிருந்த ஆன்ட்டியின் கத்தி நின்றது.

"திருப்பிப் போடு."

போட்டேன். பொய் என்று கத்துவார் என்று எதிர்பார்த்தேன்.

"ஜன்னலை மூடினது நெசம்தான். இன்னிக்கு வந்து நின்னாலும் மூடுவேன். ஆனா அவன் திங்கக்கிழமை வேலைக்குப் போனான். இவ செவ்வாக்கிழமை டப்பாவ நீட்டுனா. இந்தக் கிழவன் முன்னதைப் பின்னதா ஆக்கிட்டான்."

"அது அவ்வளவு பெரிய விஷயமா ஆன்ட்டி?"

"இவன் சொல்றபடி பாத்தா, அவனைக் கருங்காலி ஆக்கினதே நான்தான்டா."

ஊரும் அப்படித்தான் பார்த்தது. பிங்கோ ஆட்டத்தில் அவர் பக்கத்து நாற்காலி காலியானது. மால்கம் நாற்பது வருடத்தில் முதல் தடவையாக டெரிக்கைப் பார்த்துத் தலையசைத்தார். ஒரு நாள் காலை ஆன்ட்டியின் வாசற்படியில் காலிப் பால் டப்பா இருந்தது. எல்லாரும் முதலில் என் பெயரைத்தான் சொன்னார்கள். சத்தியமாக நான் இல்லை. என் வேலையாக இருந்தால் சிரிப்பு வரும்.

பதிப்பகத்துக்குப் போன் செய்தோம். "உங்க உணர்வுகள் எங்களுக்கு ரொம்ப முக்கியம்" என்றது ஒரு பெண் குரல். ஆன்ட்டி சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

அப்புறம் சர் ஹியூகோவே எங்கள் மன்றத்துக்குப் பேச வந்தார். பழுப்புக் கோட்டு, நல்ல பல். ஒன்பதாம் அத்தியாயத்தை வாசித்து முடித்ததும் ஆன்ட்டி எழுந்தார்.

"அந்த அத்தை நான்தான். நீ எழுதினது தப்பு."

"அம்மா, அங்க இருந்த ஒருத்தரே சொன்னதை வெச்சுத்தான் எழுதினேன்."

"நானும்தான் அங்க இருந்தேன். என்னை ஏன் கேக்கல?"

"ரெண்டு கடிதம் போட்டேனே."

"வந்துச்சு. நல்லா எரிஞ்சுது."

கூட்டம் சிரித்தது. சர் ஹியூகோவும் சிரித்தார். கூட்டம் தன் பக்கம் என்று நினைத்ததுதான் அவர் செய்த தப்பு. "அப்ப அவரையே கேட்டுடலாமே. டெரிக், உள்ள வாங்க" என்று வாசலைப் பார்த்துக் கையசைத்தார்.

டெரிக் படியில் நின்றிருந்தார். ஊர் தலையசைக்க ஆரம்பித்த தைரியத்தில் அதுவரை வந்திருந்தார்.

"கருங்காலிக்கு இங்க என்னடா வேலை?" பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"விடுப்பா, பாவம், அவன் என்ன பண்ணுவான்" என்றது இன்னொன்று. அது மால்கம்.

அந்தப் 'பாவம்' ஆன்ட்டி முகத்தில் அறைந்ததைப் பார்த்தேன். அவருக்கு இருந்தது ஒரே சாட்சி. அந்தச் சாட்சியோடு பேசக் கூடாது என்று ஊருக்கே சட்டம் போட்டவர்களில் அவரும் ஒருவர். கைத்தடியை ஊன்றித் திரும்பினார்.

"டெரிக். எது முதல்ல?"



டெரிக் தொப்பியைக் கழற்றினார். மால்கமைப் பார்த்தார். ஆமாம், பால்தான் முதலில் என்று சொல்லியிருந்தால் அன்று மாலையே யாராவது ஒருவர் பப்பில் அவருக்கு ஒரு கிளாஸ் வாங்கிக் கொடுத்திருப்பார்கள்.

"நான்தான் முதல்ல போனேன்க்கா. திங்கக்கிழமை. நாள் ஞாபகம் இருக்கான்னு இவர் கேட்டாரு. இல்லைன்னுட்டேன்."

மால்கம் தன் காலணியைப் பார்க்க ஆரம்பித்தார். மற்றவர்களும் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். டெரிக் வந்த வழியே இறங்கிப் போனார்.

"அவன்கூடப் பேசிட்டியே ஈனிட்" என்றார் பக்கத்தில் இருந்த கிழவி.

"பேசல. கேட்டேன்."

அவசரத்தில் டெரிக்கின் தொப்பி படியில் விழுந்து கிடந்தது. கூட்டம் கலைந்ததும் அவர் வீட்டுக் கதவுப்பிடியில் மாட்டிவிட்டு வந்தேன். இதை யாரிடமும் சொல்ல வேண்டாம், எனக்கென்று ஒரு பெயர் இருக்கிறது.

வசந்தத்தில் ஒலிப்புத்தகத்தைத் திருத்தினார்கள். அந்த வாக்கியத்தை மட்டும் சர் ஹியூகோ புதிதாக வாசித்திருந்தார். அன்றைக்கு அவருக்குச் சளி போலிருக்கிறது. வெண்ணெய்க் குரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று மூக்கடைத்த ஒரு ஆள் வந்து, "டெரிக் திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பினான். மறுநாள் அவன் அக்கா ஜன்னலை மூடினாள்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

"மன்னிப்புக் கேக்கலியே" என்றேன்.

"மன்னிப்பு யாருக்குடா வேணும்? வரிசை சரியா இருக்கு. அணைச்சுடு."

போன வாரம் பஸ் நிறுத்தத்தில் மழை. நாங்கள் இரண்டு பேரும் உள்ளே. டெரிக் கூரைக்கு வெளியே, தூண் ஓரமாக நனைந்துகொண்டு நின்றார். ஆன்ட்டி ஒரு முறை பார்த்தார். பிறகு என்னிடம், தெருக்கோடிவரை கேட்கிற குரலில் சொன்னார்:

"பாலத்துல தண்ணி. பஸ் இன்னிக்கு வராதாம். இதைப் போய் அந்தக் கருங்காலிகிட்ட சொல்லித் தொலைக்காதே, நனைஞ்சு சாகட்டும்."

டெரிக் கழுத்துப்பட்டையைத் தூக்கிவிட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.