ஒரு பிடி சீனியும் ஒரு நாள் மழையும்

மாத்தளையில் அன்றன்று நடப்பதை ஒரு தேதியும் விடாமல் வலைப்பதிவில் எழுதிவருகிறேன். கண்டி ரயில் வந்த நேரம், கரண்ட் போன நேரம், கிணற்றடியில் நான் வைத்திருக்கும் ஜாம் போத்தலில் ஏறிய மழை, இப்படி. சரித்திர நூல்கள் நிறைய வாசித்திருக்கிறேன். அரசன் எந்தத் தேதியில் முடிசூடினான் என்று சொல்வார்கள். அன்றைக்கு மழையா வெயிலா என்று சொல்லமாட்டார்கள். மாத்தளைக்கு அந்தக் குறை வரக்கூடாது.

வாசகர்தான் இல்லை. "அந்த மழையில நானுந்தானே நனைஞ்சேன், அத வேற வாசிக்கணுமா?" என்றுவிட்டாள் மனைவி.

வாசகர் வேண்டுமானால் மற்றவர்களின் வலைப்பதிவுகளுக்குப் போய்ப் பின்னூட்டம் எழுத வேண்டும், நம் பக்கத்தில் அவர்களுக்கு இணைப்புக் கொடுக்க வேண்டும் என்று எங்கோ வாசித்தேன். தேடியதில் பக்கத்து ஊரிலேயே ஒருவர் அகப்பட்டார். மிளகு வாங்கி விற்கும் முஸ்லிம் வியாபாரி. என் வயதுதான் இருக்கும். தன் முற்றத்தில் மிளகு காய்வதைப் பற்றி மட்டுமே தினமும் எழுதுவார். 'ஈரம் போகவில்லை' என்பது ஒரு முழுப் பதிவு. 'கொஞ்சம் போயிருக்கிறது' என்பது மறுநாள் பதிவு. எனக்கு ஏற்ற ஆள்.

'இங்கும் நேற்றுத் தூறல். மிளகு கவனம்' என்று பின்னூட்டம் எழுதி, இணைப்பும் கொடுத்தேன். அன்றே அவர் என் பக்கம் வந்து, 'உங்கள் மழை விபரம் மிகப் பிரயோசனம்' என்று எழுதினார். எனக்கும் இணைப்புக் கொடுத்திருந்தார்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் எங்கள் தெருவில் நோன்புக் கஞ்சி வந்த பாத்திரம் வெறுமையாகத் திரும்பாது. தீபாவளிக்கு முறுக்குக் கொண்டுபோன தட்டு, வட்டிலப்பத்தோடு வரும். வீட்டில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் ஒரு பிடி சீனி போட்டுத்தான் கொடுப்போம். அவர் வந்து எழுதிவிட்டார், நான் போகாமல் இருப்பதா? போய் நன்றி சொன்னேன். அவர் வந்து என் நன்றிக்கு நன்றி சொன்னார். அந்தப் பெருந்தன்மையைப் பாராட்டி நான் ஒரு பத்தி எழுத, அவர் இரண்டு பத்தியோடு வந்தார்.

ஒருநாள் மாலை முழுவதும் அவருக்குப் பதில் எழுதியே போனதில், போத்தலில் இருந்த மழையை நான் அளக்குமுன் காகம் குடித்துவிட்டது. 'காகம் குடித்தது போக மீதி' என்று பதிவில் எழுத வேண்டியதாயிற்று. எதிர்கால ஆய்வாளர்கள் என்ன நினைப்பார்கள்?

"ஏங்க, ஒருதடவ வெறுந்தட்ட அனுப்பிப் பாருங்களேன்" என்றாள் மனைவி. "கோவிச்சுக்கிட்டு அவரே நிறுத்திடுவாரு."

மனதைக் கல்லாக்கிக்கொண்டு, ஒன்றும் எழுதாமல் அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். 'பின்னூட்டம் காலியாக இருக்கக்கூடாது' என்றது கணினி. அதுவும் எங்கள் தெருவில் வளர்ந்தது போலிருக்கிறது. வேறு வழியில்லாமல் ஒரே ஒரு புள்ளி வைத்தேன். மறுநாள் அவரிடமிருந்து இரண்டு புள்ளிகள் வந்திருந்தன.

நேரில் பேசி முடித்துக்கொள்வோம் என்று மாத்தளைச் சந்தைக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் சந்தித்தோம்.

"நானா, யாராவது ஒருத்தர் நிறுத்தணும்" என்றேன். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் ஊரில் 'நானா' என்றுதான் கூப்பிடுவோம்.

"சரி அண்ணே, நான் நிப்பாட்டுறேன்."

"நீங்க நிறுத்தினா தட்டு உங்ககிட்ட நின்னுடும். ஊர்ல உங்களத்தானே பேசுவாங்க?"

"அப்ப நீங்க நிப்பாட்டுங்க."

"நானா!"

"அதுதானே. எனக்கும் ஏலாது, உங்களுக்கும் ஏலாது. இன்னொரு பிளேன்டீ குடிப்போம்."

புறப்பட்ட பஸ்ஸின் மிதிபலகையில் நின்று ஏதோ கத்தினார், காதில் விழவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் பின்னூட்டமாக வந்திருந்தது: 'பஸ்ஸில் இருந்து நான் சொன்னது, போயிட்டு வாறேன்.'

'நல்லது, வாங்க' என்று பதில் எழுதினேன்.

அடுத்து எனக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு நாள் முழுக்கக் கண் திறக்கவில்லை. திறந்ததும், "போத்தலப் பாத்தியா?" என்று மனைவியைக் கேட்டேன்.

"உங்களப் பாத்தேன்" என்றாள்.

இத்தனை காலமாக இல்லாத ஓட்டை, என் பதிவில் ஒரு தேதிக்கு விழுந்துவிட்டது. அந்த நாள் மாத்தளையில் விடிந்ததா இல்லையா என்பதற்கே இனிச் சாட்சி கிடையாது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். வெகு நேரம் கழித்து, பின்னூட்டக் கடன் எவ்வளவு சேர்ந்திருக்கிறதோ என்ற பயத்தில் அவருடைய பக்கத்தைத் திறந்தேன். அந்தத் தேதியில் இப்படி இருந்தது:

'இன்று மிளகு பற்றி இல்லை. மாத்தளையில் எழுத வேண்டியவர் காலையில் எழுதவில்லை. பஸ் ஏறிப் போய் நானே பார்த்தேன். பகலில் நல்ல மழை. கண்டி ரயில் தாமதம். பின்னேரம் கரண்ட் போய் வந்தது. அவர் சொல்லும் காகத்தைக் காணவில்லை.'

மறுநாள் அவர் பதிவு ஒரே வரி. 'ஈரம் கூடியிருக்கிறது.' மாத்தளையின் மழையை அவர் பார்த்துக்கொண்டு நின்றபோது, அவர் முற்றத்து மிளகை மூட ஆள் இருக்கவில்லை.

என் வலைப்பதிவில் இப்போது அந்தத் தேதிக்குக் கீழே அவருடைய பக்கத்துக்கான இணைப்பு மட்டும் இருக்கிறது. ஓட்டை இல்லை. ஆனால் ஒரு முழு நாளை வைத்துக் கொடுத்த தட்டில் நான் எதைப் போட்டுத் திருப்புவது? புள்ளி போதாது. நன்றியும் போதாது. அவர் எழுதாமல் விடுகிற ஒரு நாளில் நான் போய் அந்த முற்றத்தில் நின்று, மிளகைத் தொட்டுப் பார்த்து எழுதினால்தான் சரியாகும். அவரோ ஒரு நாளும் விடுவதில்லை.

அவருக்குக் காய்ச்சல் வர வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. மூக்கு ஒழுகுகிற மாதிரி, சின்னதாக ஒரு தடிமன் போதும்.