அரை மணிச் சந்தேகம்

போன வாரம் பவானிப்பூரில் டாக்டர் வீட்டுக்கு ஊசி போட்டுக்கொள்ளப் போயிருந்தேன். கம்பவுண்டர் பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு என் கையில் தேய்த்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் ஊசி எப்போது உள்ளே போயிற்று, எப்போது வெளியே வந்தது என்றே எனக்குத் தெரியவில்லை. "ஹோயே கெச்சே, தாது", முடிந்துவிட்டது தாத்தா, என்று அவர் சொன்ன பிறகும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன். கிழவருக்குத் தலை சுற்றுகிறதோ என்று பயந்துபோய் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். தலை சுற்றவில்லை, பழைய குழப்பம் ஒன்று திரும்பி வந்திருந்தது. அதை வங்காளியில் சொல்ல எனக்குத் தெம்பில்லாததால் தண்ணீரைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

எங்கள் காலேஜ் லாபரட்டரியில் எதைக் காய்ச்சுவதானாலும் ஸ்பிரிட் விளக்குதான். அந்த வாசனையோடு பித்தளை துடைக்கும் பொடி வாசனையும் மழைக்காலத்தில் ஈர மர வாசனையும் சேர்ந்துகொள்ளும். பிராக்டிகல் பரீட்சை நெருங்க நெருங்க நான் அந்த அறைக்குள் கடைசி ஆளாகத்தான் நுழைவேன். எங்கள் பேராசிரியர் ஒரு வங்காளி, மெலிந்த மனிதர், அதட்டிப் பேசவே மாட்டார். ஆனால் கருவியைத் தொடுவதற்கு முன்னால் காகிதத்தில் திட்டம் எழுதிக் காட்டாவிட்டால் வெளியே அனுப்பிவிடுவார். எதை அளக்கப்போகிறாய், எப்படி அளக்கப்போகிறாய், எங்கே எல்லாம் ஏமாறப்போகிறாய் என்று வரிசையாக எழுத வேண்டும். விடைக்குப் பக்கத்தில் அந்த விடையின் மேல் எவ்வளவு சந்தேகம் என்பதையும் எழுத வேண்டும். சந்தேகம் எழுதாத விடையை அவர் படிக்கவே மாட்டார்.

எங்கள் வீட்டிலோ விடை தெரியாவிட்டாலும் தெரிந்த மாதிரி பேச வேண்டும் என்பதுதான் வளர்ப்பு. ஆகவே இந்தச் சந்தேகச் சமாசாரம் எனக்குப் பிடிபட நாளாயிற்று. ஒரு நாள் ஸ்க்ரூ கேஜ் கொண்டு கம்பியின் கனத்தை அளந்தேன். திரும்பத் திரும்ப அளந்தும் ஒரே எண் வந்ததால், ஏதோ சாதித்துவிட்ட மாதிரி பேராசிரியரிடம் நீட்டினேன். அவர் கம்பியை எடுத்துவிட்டு, கருவியின் வாயை மூடிக் காட்டினார். நடுவில் ஒன்றுமே இல்லாதபோதும் அது ஏதோ இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தது. இதற்குப் பூஜ்யப் பிழை என்று பெயர். எத்தனை தரம் அளந்தாலும் போகாது, அதைத் தனியாகக் கண்டுபிடித்துத் தனியாகக் கழிக்க வேண்டும். கழிக்க வேண்டுமா, கூட்ட வேண்டுமா என்பது அடுத்த சங்கடம். அதில் எனக்கு இன்றுவரை குழப்பம் தீரவில்லை, பி.எஸ்ஸி. பட்டம் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தாலும்.

இந்தப் பூஜ்யப் பிழை புத்தகத்தோடு நின்றிருந்தால் நான் ஏன் எழுத வருகிறேன்? அது எங்கள் தருமு அக்காவின் கல்யாணத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

உங்களுக்கு ஒரு விஷயம் சொன்னால்தான் இது விளங்கும். அந்த நாளில் இந்தக் கல்கத்தா ஊருக்கென்று ஒரு தனி மணி உண்டு. சூரியன் இங்கே முந்திக்கொண்டு வந்துவிடுவதால் ஊர்க் கடிகாரங்கள் ரயில்காரர்களின் கடிகாரத்தைவிட ஏறக்குறைய அரை மணி முன்னால் ஓடும். வீடுகளில், மணி காட்டக் கோட்டையில் தினமும் சுடும் பீரங்கிச் சத்தத்தைக் கேட்டு ஊர் மணி வைத்துக்கொள்வார்கள். ரயில் ஆபீசில் வேலை செய்கிறவர்கள் ரயில் மணி வைத்துக்கொள்வார்கள். அந்த நாளைய ரயில் மணி என்பது மதராஸ் மணிதான். எங்கள் வீட்டிலேயே கூடத்துக் கடிகாரம் ஊர் மணியும், ரயில் ஆபீசில் இருந்த அப்பாவின் சட்டைப்பைக் கடிகாரம் ரயில் மணியும் காட்டும். அப்பா சாப்பிட உட்காரும்போது ஒரு மணி, கை அலம்பும்போது இன்னொரு மணி என்று நாங்கள் கேலி செய்வோம்.

அக்கா பிறந்தது இந்த ஊரில், நான் காலேஜில் படித்தபோதும் நாங்கள் குடியிருந்த அதே பவானிப்பூர் வீட்டில். காலை ஆறு மணிக்குக் குழந்தை பிறந்தது என்று அப்பா தமிழ்நாட்டில் எங்கள் சொந்த ஊருக்கு எழுதிப் போட்டார். ஊர் ஜோசியருக்குக் கல்கத்தாவுக்குத் தனி மணி இருப்பது எப்படித் தெரியும்? மதராஸ் மணி என்றே வைத்துக்கொண்டு மக நட்சத்திரம் என்று ஜாதகம் கணித்து அனுப்பிவிட்டார்.

அக்காவுக்கு இருபது வயது தாண்டிவிட்டது. அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய பேச்சு என்று உங்களுக்கே தெரியும். வந்த இடங்கள் ஒவ்வொன்றாக நழுவிப்போய், அம்மா கோயிலுக்குப் போவதைக்கூட நிறுத்தியிருந்தாள், அங்கே நாலு பேர் கேட்பார்கள் என்று. அப்போதுதான் அலிப்பூரில் ஆபீஸ் உத்தியோகம் பார்த்த நம் ஊர்ப் பக்கத்துப் பையன் ஒருவரின் ஜாதகம் வந்தது. தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து பொங்கல் வைத்த இடத்தில் அக்கா அவரைப் பார்த்திருந்தாள். பிடித்திருக்கிறது என்று வாய் திறந்து சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து பாட்டு முணுமுணுத்துக்கொண்டு பாத்திரம் தேய்த்தாள், எனக்கு அது போதுமாக இருந்தது.

பையனுக்கு அப்பா இல்லை. அம்மா மட்டும் வந்தார்கள், அதிகம் பேசாத, கூர்மையான கண் உள்ள அம்மாள். ஜாதகத்தைக் கையில் வாங்கினார்கள். பிறந்த ஊரையும் மணியையும் பார்த்தார்கள். "ஆறு மணிங்கிறது எந்தக் கடியாரப்படி?" என்று கேட்டார்கள்.

அப்பா, "என் பாக்கெட் கடியாரப்படிதாங்க" என்றார். அதே மூச்சில் அம்மா, "கூடத்துக் கடியாரம் ஆறு அடிச்சுது, குழந்தை அழுதுது, எனக்கு நல்லா நினைவிருக்கு" என்றாள். இருவரும் ஆறு என்பதில் ஒற்றுமை, எந்த ஆறு என்பதில்தான் வேற்றுமை. வந்த அம்மாள் ஜாதகத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். "நிதானமா விசாரிச்சு வைங்க, ஞாயித்துக்கிழமை வர்றேன்" என்று எழுந்து போனார்கள்.

பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்தபோதுதான் வினை தெரிந்தது. அந்தக் காலையில், சரியாக அந்த அரை மணிக்குள்தான் ஆயில்யம் முடிந்து மகம் பிறந்திருந்தது. அப்பாவின் ரயில் மணி என்றால் மகம், ஒரு வில்லங்கமும் இல்லை. கூடத்து ஊர் மணி என்றால் ஆயில்யம். ஆயில்யத்துப் பெண் மாமியாருக்கு ஆகாது என்பார்கள். கேட்டுவிட்டுப் போனவர்களோ அந்த மாமியாரே.

அப்பா என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீ சயன்ஸ் படிக்கிறவன். கண்டுபிடி." எனக்கு அந்தச் சனிக்கிழமைதான் பிராக்டிகல் பரீட்சை. இருந்தாலும் இதுவும் ஒரு பயிற்சிதானே என்று எண்ணிக் காகிதம் எடுத்துத் திட்டம் எழுத உட்கார்ந்தேன். அக்கா பக்கத்தில் வந்து நின்றாள்.

"உன் கணக்குல மகம் வருமா?"

"வரலாம்."

"வரலாம்னா?"

"வரலாம்னா, வராமலும் போகலாம்."

அவள் என் தலையில் லேசாகத் தட்டிவிட்டு உள்ளே போனாள். அன்று மாலை பாட்டு முணுமுணுக்கவில்லை. அதைக் கேட்காமல் இருப்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

திட்டம் இதுதான். அக்கா பிறந்த பின்கட்டு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அம்மா உட்கார வேண்டும். கூடத்துக் கடிகாரத்தின் முள்ளை நகர்த்தி நான் மணி அடிக்க விடுவேன், சில சமயம் சும்மா இருப்பேன். சத்தம் கேட்டபோதெல்லாம் அம்மா ஒரு புளியங்கொட்டையைக் கிண்ணத்தில் போட வேண்டும். பேராசிரியர் பார்த்திருந்தால் மெச்சியிருப்பார். ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே, நான் அடிக்காதபோதும் கிண்ணத்தில் கொட்டை விழுந்தது.

"அம்மா, இப்ப நான் அடிக்கலையே."

"அடிச்சுதுடா. காதுல விழுந்துதே."

கதவைத் திறந்து நின்று கேட்டேன். அடித்தது, சித்தி முறை வைத்து நாங்கள் மாசிமா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு வங்காளி அம்மாளின் கடிகாரம். சந்து அவ்வளவு குறுகல், அவர்கள் ஜன்னல் அந்த அறைக்கு நேரே. மாசிமாவின் கணவர் ரயில்வேயில் பழைய உத்தியோகஸ்தர், அக்கா பிறப்பதற்கு முன்பிருந்தே அவர்கள் வீட்டில் ரயில் மணிதான். ஆக அம்மா கேட்ட ஆறு மாசிமா வீட்டு ஆறாக இருந்தால், அது மகம். அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அப்பா வெற்றிச் சிரிப்போடு சட்டைப்பைக் கடிகாரத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

அம்மா அந்தக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "தருமு பிறந்தப்ப நீங்க ரயில் ஆபீஸ்லயா இருந்தீங்க?" என்று கேட்டாள்.

அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. அப்போது அவர் ஒரு கப்பல் கம்பெனியில் இருந்தார். கம்பெனிக் கடிகாரம் ஊர் மணி. அதைப் பார்த்துத்தான் சட்டைப்பைக் கடிகாரத்தையும் வைத்திருக்க வேண்டும். அப்படியானால் ஆயில்யம். மகம் என்று சத்தியம் செய்தவரின் சாட்சி ஆயில்யத்துக்குப் போய்விட்டது, ஆயில்யத்துக்குச் சாட்சியாக இருந்த அம்மா மகத்துக்கு வந்துவிட்டாள். சோதனை செய்வதற்கு முன்னால் எங்களுக்குப் பாதியாவது தெரிந்திருந்தது. செய்த பிறகு ஒன்றுமே தெரியவில்லை. நான் காகிதத்தையும் புளியங்கொட்டைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சனிக்கிழமை பரீட்சையில் எனக்குக் கிடைத்தது அதே ஸ்க்ரூ கேஜ். பூஜ்யப் பிழையைக் குறித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு கூட்டுவதா கழிப்பதா என்ற இடத்தில் வந்து நின்றதும், கம்பி மறைந்து அக்கா தெரிய ஆரம்பித்துவிட்டாள். ஒருவழியாகக் கழித்து எழுதி, பக்கத்தில் சந்தேகத்தையும் கொஞ்சம் தாராளமாகவே எழுதினேன். பரீட்சகர் வெள்ளைக்காரர். ஏன் இவ்வளவு பெரிய சந்தேகம் என்று கேட்டார். எனக்கு இருப்பது இவ்வளவுதான் ஐயா என்றேன். அவர் உறுமினார், அது நல்ல உறுமலா கெட்ட உறுமலா என்று தெரியாமல் வீடு வந்து சேர்ந்தேன். பின்னால் ரிசல்ட் வந்தபோது தேறியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாள் வந்தார்கள். விசாரித்தது நான்தான் என்று அப்பா சொன்னதும், காப்பியைக் குடித்து முடித்து என்னைப் பார்த்து, "எந்தக் கடியாரம்னு தெரிஞ்சுதாப்பா?" என்றார்கள். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மகம் என்று சொல்லிவிடு என்று அவர் கண் கெஞ்சியது. கதவுக்குப் பின்னால் அக்காவின் வளையல் சத்தம் நின்றுவிட்டது. எனக்கு மகம் என்று சொல்ல ஆசைதான், ஆனால் வாயில் வந்தது வேறு.

"தெரியலைங்க. பரிசோதனை செய்யறதுக்கு முன்னாடி தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு. செஞ்சு பாத்ததுல அதுவும் போயிடுச்சு."

"எவ்வளவு சந்தேகம்?"

"அரை மணி. அதுக்குள்ளதான் ஆயில்யமும் மகமும் மாறுது."

அவர்கள் காலித் தம்ளரைக் கையில் எடுத்து உருட்டினார்கள். அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"என் பிள்ளை கப்பல்ல பிறந்தவன்" என்றார்கள். "மதராஸ்ல ஏறினோம், இங்க வந்து இறங்கறதுக்குள்ள வலி எடுத்துடுச்சு. கப்பல்காரன் தினமும் கடியாரத்தைத் திருப்பி வைப்பான். அவன் மணி அடிச்சான், இவன் அழுதான். அது எந்த ஊர் மணி? தண்ணிக்கு ஏது ஊரு? கல்கத்தான்னு போட்டு ஜாதகம் எழுதிட்டோம், இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கல. அதனாலதான் நான் போற இடத்துல எல்லாம் கேக்கிறேன். எல்லாரும் நிமிஷ சுத்தமாத்தான் சொல்றாங்க. நீ ஒருத்தன்தான் தெரியலைன்னு சொல்லியிருக்கே." தம்ளரைக் கீழே வைத்தார்கள். "பொண்ணுக்கு அரை மணி சந்தேகம், பையனுக்கு ஊரே சந்தேகம். சரியாப் போச்சு. எனக்கு ஆகுதா ஆகலையான்னு இருந்து பாத்துக்கிறேன்."

கல்யாணம் நடந்தது. அக்கா டாக்குரியாவில் குடித்தனம் வைத்தாள், மாமியாரும் கூடவே இருந்தார்கள். வருஷங்கள் போயின, அவர்கள் கல்லுக்குண்டு மாதிரிதான் இருந்தார்கள். எப்போதாவது காய்ச்சல் வந்து படுத்தால், "தருமு, உன் ஆயில்யம் வந்துடுச்சு போலிருக்கே" என்பார்கள். அக்கா கஞ்சியை ஆற்றிக்கொண்டே, "எந்தக் கடியாரப்படி அத்தை?" என்பாள். இரண்டு பேரும் சிரிப்பார்கள். நல்லது கெட்டது எதற்கும் அந்த வீட்டில் அந்தக் கேள்விதான், பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போனாலும் அதைத்தான் சொல்லித் தப்பிப்பார்கள். இவ்வளவு காலம் மாமியார் இருந்ததால் அது மகம்தான் என்று அப்பா கடைசிவரை சாதித்தார். ஒரே ஒரு அளவை வைத்து முடிவு சொல்லக்கூடாது என்று நான் படித்திருக்கிறேன், அதனால் எனக்கு இன்னும் தெரியவில்லை.

சுதந்திரம் வந்த பிறகு ஊர் மணியை எடுத்துவிட்டார்கள். நாடு முழுவதும் ஒரே மணி என்றார்கள். அக்கா வீட்டுக் கடிகாரத்தைத் திருத்த என்னைத்தான் கூப்பிட்டார்கள். முக்காலிமேல் ஏறி, முன்னால் தள்ளுவதா பின்னால் தள்ளுவதா என்று விழித்துக்கொண்டு நின்றேன். கட்டிலில் இருந்தபடி அந்த அம்மாள், "பின்னால தள்ளுப்பா, எனக்குக் கொஞ்சம் கூடக் கிடைக்கும்" என்றார்கள்.

அதற்கப்புறம் இரண்டு குளிர்காலம்கூட இருக்கவில்லை. அவர்கள் போன அன்று காலை, திதி குறிக்க வேண்டும் என்று புரோகிதர் மணி கேட்டார். அத்தான் சொன்னார். புரோகிதர் குறித்துக்கொண்டு, அடுத்த காரியத்தைப் பார்க்கத் திரும்பிவிட்டார். அவர் மேல் தப்பில்லை, எல்லார் வீட்டுக் கடிகாரத்திலும் அதே மணிதானே. மாமியார் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அக்கா மட்டும் நிமிர்ந்து ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். கடைசியில் என்னைப் பார்த்தாள்.

"எந்தக் கடியாரப்படின்னு ஒருத்தரும் கேக்கலையே, தம்பி" என்றாள். அதுவரை அழாமல் இருந்தவள் அப்போதுதான் அழ ஆரம்பித்தாள்.