ஜேர்மன் குகைகளில் ஒரு ஜோடி சப்பாத்து

காரீயம் விற்கப் போன இடத்தில் குகை பார்த்துவிட்டு வந்தேன் என்றால் கொழும்பில் எங்கள் கொட்டாஞ்சேனையில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நூரெம்பேர்க் பட்டணத்தில் பென்சில் செய்பவர்களும் உலோகம் உருக்கும் மூசை செய்பவர்களும் இலங்கைக் காரீயத்துக்கு இன்னும் நல்ல விலை தருகிறார்கள். ஆகவே நம்மவர்கள் யாராவது அந்தப் பக்கம் போகத்தான் போகிறார்கள். அவர்களுக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

என்னோடு வந்தவர் மிஸ்டர் சிவகுரு. வெள்ளவத்தைக்காரர், ரசாயனம் படித்தவர். வாங்குபவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல அப்படி ஒருவர் எனக்குத் தேவைப்பட்டார். அவர் என் தங்கை திரேசாவின் கணவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சைவக்காரர். நாங்கள் வேதக்காரர், கத்தோலிக்கர். நாலு வருடத்துக்கு முன் இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொண்ட நாளிலிருந்து அம்மா அவர்களை வீட்டுப் படி ஏற விடவில்லை. நானும் அவரை முறை சொல்லி அழைத்ததில்லை. மிஸ்டர் என்ற சொல் எதற்கு இருக்கிறது?

கப்பல் ஏறும் நாளில் துறைமுக ஜெட்டிக்கு வந்த திரேசா என்னைத் தனியே இழுத்தாள். "அண்ணா, ரெண்டு மாசம் இவரோட ஒண்டாச் சாப்பிட்டு ஒண்டா இருக்கப் போறீங்கள். திரும்பி வரேக்க இவர் நல்ல மனுசன் எண்டு உங்களுக்குப் பட்டால் அம்மாட்ட ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. படாட்டி நான் இனிக் கேக்க மாட்டன்."

"பாப்பம்" என்றேன். எனக்கு வேறு என்ன சொல்ல வரும்?

ஜெனோவாவில் இறங்கி, ரயிலில் மலைகளைக் கடந்து நூரெம்பேர்க் போய்ச் சேர்ந்தோம். நாங்கள் போன நேரம் பெந்தெகொஸ்தே திருநாள். ஞாயிறும் திங்களும் கந்தோர் எல்லாம் பூட்டு. தங்கிய விடுதிக்கார அம்மா, வடக்கே ஒரு மணி நேர ரயில் ஓட்டத்தில் சுண்ணாம்புக்கல் மலைகள் இருக்கின்றன, குகைகள் இருக்கின்றன, ஊருக்கு ஊர் மாதா கெபியும் இருக்கிறது என்றார். கெபி என்றதும் புறப்பட்டுவிட்டேன். மூன்றாம் வகுப்பு ரயில் ஆளுக்கு இரண்டு மார்க்குக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு மார்க் நம் காசில் ஏறக்குறைய அறுபத்தைந்து சதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டேஷனிலிருந்து முதல் கெபிக்கு ஒன்றரை மைல் ஏற்றம். இருபுறமும் ஆப்பிள் தோட்டங்கள். பாறையைக் குடைந்து லூர்து மாதாவை வைத்து, முன்னால் மெழுகுதிரிகளும் சாடிகளில் காட்டுப் பூக்களும் வைத்திருக்கிறார்கள். முழங்காலிட்டு மூன்று அருள் நிறைந்த மந்திரம் சொல்லிவிட்டுத் திரும்பினால், மிஸ்டர் சிவகுரு சப்பாத்தையும் சொக்ஸையும் கழற்றி வைத்துவிட்டு ஈரப் பாறையில் வெறுங்காலோடு நிற்கிறார். கோட்டு, டை, தொப்பி எல்லாம் உண்டு, கால் மட்டும் வெறுங்கால்! செபமாலை சொல்லிக்கொண்டிருந்த கிழவிகள் செபத்தை விட்டுவிட்டு அவருடைய காலைப் பார்த்தார்கள். ஒரு கிழவி, பாவம், ஏதோ பெரிய தவம் செய்கிறார் என்று எண்ணித் தன் கம்பளிச் சால்வையைக் காலுக்கு விரிக்க வந்தாள். எனக்கு மானம் போயிற்று.

"மிஸ்டர் சிவகுரு, சப்பாத்தைப் போடும். சனம் பாக்குது."

"கோயில்தானே" என்றார்.

"எங்கட கோயில். கோட்டுப் போட்டால் நாங்களே சப்பாத்தோடதான் பூசை காணுறம். உமக்கு மட்டும் என்ன?"

போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் கதைக்கவே இல்லை. நானும் விட்டுக்கொடுக்கவில்லை.

அடுத்தது இயற்கைக் குகை. நுழைவு ஐம்பது பெனிக். ஐயோ, அதைப் பார்க்காமல் வராதீர்கள்! கூரையிலிருந்து கல் ஒழுகி ஒழுகி உறைந்திருக்கிறது. ஓரிடத்தில் உலரப் போட்ட சேலையைப் போல மடிப்பு மடிப்பாகத் தொங்குகிறது. தட்டினால் மணி போலச் சத்தம் கேட்கும். உள்ளே குளிர் எலும்பைப் பிடிக்கும், ஆகவே வெயில் காலம் என்று ஏமாறாமல் தடித்த கோட்டு எடுத்துப் போங்கள்.

மூன்றாவதுதான் விஷயம். அதுவும் இயற்கைக் குகைதான், ஆனால் உள்ளே ஆழத்தில் மாதாவுக்கு ஒரு பீடம் வைத்திருக்கிறார்கள். வாசலில் இரும்புக் கதவு. காவற்காரர் யுத்தத்தில் பிடிபட்டு இங்கிலாந்தில் கைதியாக இருந்தவராம், அங்கே பழகிய ஆங்கிலம் கொஞ்சம் கதைப்பார். காபைட் விளக்கோடு அவர் முன்னே போக, நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் பின்னே போனோம். நான் கோபத்தோடு முன்வரிசையில். மிஸ்டர் சிவகுரு எங்கோ பின்னால்.

பீடத்தைக் கும்பிட்டு வெளியே வந்தபோது அவர் இல்லை. கடைசிக் கூட்டம் நாங்கள்தான், ஆதலால் காவற்காரர் கதவைப் பூட்டினார். "முறைச்சுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போயிட்டார்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, எதிர்ச் சாராயக் கடைத் தோட்டத்தில் இருந்து கோப்பி குடித்தேன். ரொட்டியும் சாப்பிட்டேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

எழும்பி, விறகு அடுக்கின் ஓரமாகக் கை கழுவப் போனேன். விறகுக்குப் பின்னால், பார்வைக்குப் படாமல், ஒரு ஜோடி கறுப்புச் சப்பாத்து. அதற்குள் சுருட்டி வைத்த சொக்ஸ். நான் பார்த்தால் ஏசுவேன் என்று மனுசன் ஒளித்து வைத்துவிட்டுத்தான் உள்ளே போயிருக்கிறார். வெறுங்காலோடு யார் ஸ்டேஷனுக்குப் போவார்கள்? சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு காவற்காரர் வீட்டுக்கு ஓடினேன்.

கதவைத் திறந்து உள்ளே போனோம். விளக்கு வெளிச்சத்தில் காவற்காரர் ஓரிடத்தைக் காட்டினார். பீடத்துக்குப் போகும் வழியில், ஒரு பக்கம் மட்டும் கயிறு கட்டிய ஒரு கிடங்கு, ஆழப் பள்ளம். போகும்போது நான் அதைக் கவனிக்கவே இல்லை. அவர் ஒரு கல்லைப் போட்டார். அது விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

"மிஸ்டர் சிவகுரு!" என்று கத்தினேன். என் குரலே திரும்பி வந்தது. யேசுவே, திரேசாவுக்கு நான் என்ன முகத்தைக் காட்டுவேன்? பிறகு என் வாயிலிருந்து வந்தது நான் யோசித்துச் சொன்னதல்ல.

"மச்சான்! எட மச்சான்! எங்க நிக்கிறீர்?"

"ஓம் மச்சான்" என்று இருட்டுக்குள்ளிருந்து பதில் வந்தது. "இஞ்ச, மாதாவுக்குப் பக்கத்தில. நீங்கள் கவனமா வாங்கோ, பள்ளம் இருக்கு."

பீடத்தின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார். உதடு நீலம். உயிரோடு முழுசாக நின்றார்! நான் கட்டிப் பிடித்து அழுதேன், ஏசினேன், சிரித்தேன். எது முதல் எது பிறகு என்று தெரியாது.

"உமக்கு விசரே? எல்லாரும் வரேக்க ஏன் வரேல்லை?"

"திரேசா ஒரு மெழுகுதிரி கொளுத்தச் சொன்னவ. உங்களுக்கு முன்னால கொளுத்தக் கூச்சமா இருந்தது. நிண்டு கொளுத்தினன், திரும்பிப் பாத்தா விளக்கும் இல்லை, ஆக்களும் இல்லை. பிறகு என்ர திரியும் அணைஞ்சிட்டுது. நாலடி நடந்தன், பெருவிரல் வெறுமையில பட்டுது. சப்பாத்துப் போட்டிருந்தா எனக்கு அது தெரிஞ்சிராது. அப்பிடியே பின்னால வந்து கம்பியைப் பிடிச்சிட்டன்."

நான் கையிலிருந்த சப்பாத்தை அவரிடம் நீட்டினேன். வெளியே போய்ப் போடுகிறேன் என்றார். சரி என்றேன்.

காவற்காரர் வீட்டில் பிளம் பழச் சாராயம் ஊற்றித் தந்தார்கள். காசு வாங்க மறுத்துவிட்டார்கள். பின்னேர ரயில் தவறியது, அடுத்த ரயிலில் போனோம். இவ்வளவு நிம்மதியாக நான் ஒரு ரயிலைத் தவறவிட்டது கிடையாது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். குகைக்குள் கூட்டத்தோடு போங்கள், உங்கள் ஆள் பின்னால் வருகிறாரா என்று திரும்பிப் பாருங்கள். தீப்பெட்டியும் மெழுகுதிரியும் சட்டைப் பையில் இருக்கட்டும். கெபியில் சப்பாத்தைக் கழற்ற மனம் சொன்னால் தாராளமாகக் கழற்றுங்கள், ஆனால் எல்லோருக்கும் தெரியும்படி வாசலில் வையுங்கள். ஜேர்மன்காரர் ஒன்றும் சொல்லமாட்டார்கள். சொல்கிறவர்கள் நாம்தான்.

கொழும்பு ஜெட்டியில் இறங்கியபோது திரேசா நின்றாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, கணவரின் பெட்டியைத் தூக்கினாள். கோட்டை ஸ்டேஷனுக்குப் போய் வெள்ளவத்தை ரயிலைப் பிடிக்கலாம் என்று இருவரும் திரும்பினார்கள்.

"மச்சான், அந்தப் பக்கம் எங்க போறீர்?" என்றேன். "ரிக்‌ஷாவைக் கொட்டாஞ்சேனைக்கு விடச் சொல்லும்."

திரேசா பெட்டியைக் கீழே வைத்தாள். "அம்மாட்ட என்னெண்டு சொல்லப் போறீங்கள், அண்ணா?"

"இன்னும் ரெண்டு கோப்பை எடுத்து வையுங்கோ எண்டு."