போர்நிறுத்த நாளில் வாங்கிய மெழுகுவர்த்தி

எல்லையில் போர்நிறுத்தம் என்று செய்தி வந்த மாலை, மாதாப்பூரில் என்னோடு வேலை பார்க்கிறவர்களுக்குக் கோபம் வந்தது. ஏன் நிறுத்தினார்கள், ஒரேயடியாக முடித்திருக்க வேண்டும் என்று அலுவலக வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்கு எழுதினார்கள். மழையால் கிரிக்கெட் ஆட்டம் நின்றுபோன எரிச்சல்தான் அது. ஏசி அறையை விட்டு வெளியே வராத வீரர்கள். உங்கள் பிள்ளைகளை அனுப்பிவிட்டு எழுதுங்கள் என்று பதில் போட்டேன். ஊரை விட்டு ஓடி வந்தவளுக்கு யுத்தத்தைப் பற்றி என்ன பேச்சு என்று ஒருவன் கேட்டான். மூன்று பேர் அதற்குச் சிரிக்கும் இமோஜி போட்டார்கள். ஆமாம், ஓடித்தான் வந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து படகில், பிறகு சென்னை, பிறகு வேலை கிடைத்து ஹைதராபாத்.

குழுவை விட்டு விலகிக் கடைக்குப் போனேன். பத்துப் பாக்கெட் மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, உப்பு, அரிசி. கை தானாகவே எடுத்தது. எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு அதுதான் அர்த்தம். போர்நிறுத்தம் என்றால் பாதை திறக்கும், சாமான் வரும், அடுத்த சண்டைக்குள் வாங்கி வைத்துவிட வேண்டும். அப்பா பதுங்குகுழிக்குமேல் புதிதாகப் பனங்குற்றி அடுக்குவார். அப்படியொரு போர்நிறுத்தத்தில்தான் அண்ணா, விட்டுவந்த வீட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சைக்கிளில் போனான்.

போலாரத்தில் என் வீட்டுக்குக் கீழே ரோஸி குடியிருக்கிறாள். மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்தில் வாழும் தமிழ்க் குடும்பம். கணவன் ராணுவத்தில், இப்போது எல்லையில். வாசலில் நின்று எல்லோருக்கும் லட்டு கொடுத்துக்கொண்டிருந்தவள் என் பைகளைப் பார்த்தாள்.

"இதெல்லாம் கைக்கு அக்கா? லடாய்தான் நின்னுடுச்சே."

ஏன் என்பதற்கு அவள் பேச்சில் கைக்கு, சண்டைக்கு லடாய். எங்கள் ஊர் வழக்கம் என்று விளக்கப் போனேன். போர்நிறுத்தம் என்பது முடிவில்லை, இடைவேளைதான் என்று நான் சொல்லியிருக்கக் கூடாது. அவள் முகம் கறுத்துவிட்டது.

"நக்கோ அக்கா, வேணாம். உங்க வாயால அபசகுனமா பேசாதீங்க. எங்க வூட்டுக்காரர் அங்க இருக்காரு."

என்மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது. அந்தக் குழுவில் கத்தியவர்களைவிட நான் எதில் மேல்? அதோடு வாயை மூடியிருக்கலாம். அண்ணாவைப் பற்றிச் சொன்னால் புரிந்துகொள்வாள் என்று நினைத்து, அவன் சைக்கிளில் போனதுவரை சொல்லிவிட்டேன்.

ரோஸி தட்டைப் படியில் வைத்தாள்.

"உங்க அண்ணா திரும்பி வந்தாரா?"

"வந்துட்டாரு," என்றேன், அவள் பேசுகிற தமிழில். என் தமிழில், அண்ணா உன்னட்ட வந்தவனோ என்று ஊரிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் போனில் கேட்கும் அம்மாவிடம், "இன்னும் வரேல்லை" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.