வடிவின் வயிற்றுமேல் விழுந்த பிறை

செங்கல்வராயன் ஆவடி ரயில் நிலையத்தில் சரக்கு குமாஸ்தா. படமெடுப்பதில் பைத்தியம். ஊர் திரும்பிய ஒரு சிப்பாயிடம் பழைய பெட்டிக் கேமரா வாங்கியிருந்தார். யுத்த காலம், ஃபிலிம் கிடைக்காது. கேமராவில் ஒரே ஒரு படத்துக்குத்தான் மிச்சமிருந்தது. ஆடி அமாவாசையன்று வரும் சூரிய கிரகணத்துக்கென்று அதைத் தொடாமல் வைத்திருந்தார்.

அன்றைக்கே அவர் மனைவி வடிவுக்கு வலி எடுத்தது. தலைப்பிரசவம். மருத்துவச்சிப் பயிற்சி முடித்திருந்த நான் பருத்திப்பட்டில் அவர்கள் வீட்டுக்குப் போனபோது, மாமியார் முனியம்மா அறையின் இடுக்குகளில்கூடத் துணி திணித்திருந்தார். கிரகண வெளிச்சம் பட்டால் குழந்தைக்கு உதடு பிளந்துவிடும் என்று பயம். அதைக் கேட்டே வடிவின் உடம்பு விறைத்துப் போயிருந்தது. மூச்சை விடச் சொன்னால் அடக்கினாள்.

முற்றத்தில் செங்கல்வராயன் புகையேற்றிய கண்ணாடியை லென்ஸுக்கு முன் பிடித்தபடி அலுத்துக்கொண்டார். "இதுல சூரியன் கடுகாட்டம் கீது நர்ஸம்மா. இதுக்கா காத்துகினு இருந்தேன்?"

உள்ளே வடிவு அலறினாள். ஓட்டிலிருந்த சிறு துளை வழியே வந்த ஒளி, கிரகணம் பிடித்த சூரியனின் உருவத்தையே காட்டி, அவள் வயிற்றை மூடிய வெள்ளைத் துணிமேல் பிறையாக விழுந்திருந்தது.

"ஐயோ, பட்டுடுச்சே!" முனியம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

கேமராவோடு ஓடிவந்த செங்கல்வராயன் கதவைச் சாத்திவிட்டு வாய் பிளந்து நின்றார். "ஏ வடிவு! ஊரே அண்ணாந்து பாக்குது. அது ஒன்னத் தேடிகினு ஊட்டுக்கே வந்துகீது பாரு, ரூபா காசு அகலத்துக்கு!"

"அவ உசுரு போவுது, ஒனக்குப் படமா கேக்குது?" என்றார் முனியம்மா.

"ஒண்ணுதான் கீது. அத்த இவளுக்கே போட்டுடறேன்."

வடிவு சிரித்துவிட்டாள். "ஐயே, இந்தக் கோலத்துலயா? மூஞ்சி வாணாம், வயித்த மட்டும் எடு."

சிரிப்போடு மூச்சும் வெளியே வந்தது. அதனால் நான் அவரை விரட்டவில்லை.

இருட்டில் கேமராவைச் சில நொடி திறந்து வைக்கவேண்டும். வயிறு அசைந்தால் படம் கலங்கிவிடும். வயிற்றின் ஓரத்தில் கை வைத்துக் காத்திருந்தேன். இறுகியது, மெல்லத் தளர்ந்தது. "இப்போ" என்றேன். ஸ்டூல்மேல் கேமராவை அழுத்திப் பிடித்துத் திறந்தார், மூடினார். வடிவு அசையவே இல்லை. அடுத்தடுத்த வலிகளையும் அப்படியே மூச்சு விட்டுத் தாங்கினாள்.

சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது. முனியம்மா விளக்கைத் தூக்கி உதட்டைத்தான் முதலில் பார்த்தார். முழுசாக இருந்தது. "டேய், அந்தப் படத்துல எனக்கும் ஒண்ணு குடு" என்றார்.

படம் கலங்காமல் வந்தது. என் விரல்களும் ஓரத்தில் விழுந்திருந்தன. செங்கல்வராயன் எனக்கும் ஒரு பிரதி கொடுத்தார். பயந்து விறைத்துக் கிடந்த எத்தனையோ பெண்களுக்கு அதைக் காட்டி இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். பெரும்பாலும் சிரித்தார்கள், மூச்சு விட்டார்கள். செங்கல்வராயனுக்கு என் நன்றி.