கரடியின் கைக்கு இரண்டு விரல் கீழே

அக்கா வீட்டுக்காரரான அத்தானுக்கு நான் வைத்த பெயர் பிளான் மாஸ்டர். அவர் எனக்கு வைத்த பெயர் வாயாடி. இரண்டுமே பொருத்தம்தான், என்ன செய்வது.

செருப்புக் கம்பெனியில் சோல் ஒட்டுகிறவர் அவர். பதினெட்டு வருடமாக அதே பெஞ்ச், அதே பசை நாற்றம். அப்படிப்பட்ட மனிதர் வருடா வருடம் குடும்பத்தோடு தீம் பார்க் ரிசார்ட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டு வருகிறார் என்றால் கேட்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். எப்படி என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடக் கூடாது, ஆரம்பித்துவிடுவார். மழைக்காலத்தில், அதுவும் செவ்வாய்க்கிழமையாகப் பார்த்துப் போக வேண்டும். துணி வெளுக்கும் மெஷின்களை ஒட்டிய பழைய பிளாக்கில் அறை கேட்க வேண்டும். அந்தச் சத்தத்துக்குப் பயந்து யாரும் வருவதில்லை, பாதி வாடகைக்குத் தருவார்கள். ரொட்டியும் அவித்த முட்டையும் வீட்டிலிருந்தே வர வேண்டும். தனித்தனி டிக்கெட் மூன்றை விட நான்கு பேருக்கான குடும்ப பாஸ் மலிவு. தேதி முடிவதற்குள் புதுப்பித்தால் பழைய விலையே. அவர் வீட்டில் இருப்பதோ மூன்று பேர். நான்காவது ஆள் யார் என்றால், நானேதான். ஜெராக்ஸ் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, "சித்தி" என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எட்டு வருடமாக மழையில் நனைகிறேன்.

இத்தனை பாடும் ஒரு கரடிக்காக.

பெரிய ரோலர் கோஸ்டரின் வாசலில் ஒரு மரக்கரடி கையை நீட்டிக்கொண்டு நிற்கும். அந்தக் கையில் தலை முட்டினால்தான் உள்ளே விடுவார்கள். அக்கா மகள் ஆறு வயதில் முதல் முறை அதன் கீழே போய் நின்றபோது நடுவில் ஒரு சாண் இடைவெளி. "அடுத்த வருஷம் முட்டிடுவேன்" என்றாள். அதற்கடுத்த வருடமும் அதையே சொன்னாள். வளர்ச்சிக் குறைபாடு என்பது பிறகுதான் தெரிந்தது. ஊசி, மாத்திரை, மாதா மாதம் ஆஸ்பத்திரி. தினமும் சுவரில் கோடு போட்டுப் பார்த்து அழுதாள். அதைத் தாங்க முடியாமல், வீட்டில் இனி யாரும் அவளை அளக்கக் கூடாது என்று அத்தான் சட்டம் போட்டார். அளப்பது வருடத்துக்கு ஒரு முறை, கரடியிடம் மட்டும்.

போன வருடம் இரண்டு விரல் குறைந்தது. அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது. பின்னால் நின்ற ஏழு வயதுச் சிறுமி தலையை முட்டிவிட்டு இவளைத் தாண்டி ஓடினாள். இவள் அழவில்லை. "அடுத்த வருஷமும் எட்டலைன்னா நான் இனிமே எங்கயும் வரமாட்டேன். ஸ்கூலுக்கும்தான்" என்று மட்டும் சொன்னாள். எங்கள் குடும்பத்துப் பிடிவாதம் அது, சொன்னால் செய்துவிடும். அன்று அத்தான் முட்டையை உரித்துக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார், கடைசிவரை சாப்பிடவில்லை.

இந்த வருடம் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பு அவர் என் கடைக்கு வந்து ஒரு தாளை நீட்டினார்.

"மூணு காப்பி போடு."

ஆஸ்பத்திரி ரிப்போர்ட். நான் படித்துவிட்டேன், படிக்காமல் இருக்க நான் என்ன மெஷினா? எலும்பின் நுனிகள் மூடிவிட்டன, இனி உயரம் கூட வாய்ப்பில்லை என்று இருந்தது.

"மூணு பெரிய டாக்டர்கிட்ட காட்டப் போறேன். ஒருத்தராவது வேற மாதிரி சொல்லுவாங்க" என்றார்.

"அக்காவுக்குத் தெரியுமா அத்தான்?"

"தெரியாது. இந்த ஒரு விஷயத்துல மட்டும் உன் வாயைக் கட்டி வைம்மா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

மூன்று பேரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். கடைசி டாக்டரைப் பார்த்த அன்று அவர் நேராகக் கம்பெனிக்குப் போயிருக்கிறார். ஒரு வாரம் கழித்து மகளுக்குப் புது ஷூ வந்தது. கணுக்கால் வரை மூடிய வெள்ளை ஷூ, அவரே செய்தது. அவள் போட்டுப் பார்த்துவிட்டு, "கால் கொஞ்சம் ஏத்தமா இருக்கேப்பா" என்றாள். "புது மாடல் அப்படித்தான், போகப் போகப் பழகிடும்" என்றார். அக்கா சந்தோஷப்பட்டாள். நான் ஷூவைப் பார்த்தேன், அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. எட்டூருக்குக் கேட்கிற என் வாய் அன்று பசை போட்டு ஒட்டின மாதிரி கிடந்தது. அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

செவ்வாய்க்கிழமை, தூறல். வரிசையே இல்லை. கரடி வாசலில் டிக்கெட் கிழிக்கும் அம்மாவுக்கு எங்களை நன்றாகத் தெரியும். "வாடி செல்லம், இந்த வருஷம் என்ன சொல்லுது உன் கரடி?" என்று கூப்பிட்டாள். இவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கரடிக்குக் கீழே போய் நிமிர்ந்து நின்றாள்.

முட்டியது.

ஐயோ, அந்த முகத்தை நான் எப்படிச் சொல்வேன்! தலைக்கு மேல் கையை வைத்து வைத்துப் பார்த்தாள். "அம்மா! சித்தி! முட்டுது பாருங்க, முட்டுது!" என்று கத்தினாள். டிக்கெட் அம்மா அவளைக் கட்டிக்கொண்டாள். அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். "அப்பா, நான் வளர்ந்துட்டேன்பா!" என்று சொல்லிவிட்டு அவள் படியேறி ஓடினாள். அத்தான் தலையை ஆட்டினார். சிரிக்க முயன்றார், வரவில்லை.

நாங்கள் கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம். முதல் வரிசையில் உட்கார்ந்தாள். தோளை அழுத்துகிற கம்பியைக் கீழே இறக்கினார்கள். மற்றவர்களுக்கெல்லாம் அது தோளோடு படிந்தது. இவள் தோளுக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு கையை நுழைக்கலாம் போலிருந்தது. ஊழியர் கம்பியை இழுத்துப் பார்த்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். இவள் எங்களைப் பார்த்துக் கையாட்டியபோது உடம்பு கம்பிக்கு அடியில் சறுக்கியது.

"நிறுத்துங்க!"

அத்தானின் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்குத் தெரியாது. வேலியைத் தாண்டி, சங்கிலியில் தடுக்கி விழுந்து, எழுந்து ஓடினார். "நிறுத்துங்கய்யா! என் பொண்ணை இறக்குங்க! அவ உயரம் பத்தாது! ஷூவுக்குள்ள தக்கை வெச்சிருக்கேன், நான்தான் வெச்சேன்! இறக்குங்க!"

நகரத் தொடங்கிய வண்டி குலுங்கி நின்றது. உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அவள் மட்டும் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இறக்கிவிட்டார்கள். அங்கேயே குனிந்து இரண்டு ஷூவையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஈரப் படிகளில் வெறுங்காலோடு வந்தாள். கரடியைத் தாண்டும்போது நிற்கவில்லை. டிக்கெட் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காவலாளிகள் எங்களை அலுவலகத்துக்குக் கூட்டிப் போனார்கள். உயரத்தில் ஏமாற்றினால் பாஸ் ரத்து, இனி எப்போதும் அனுமதி கிடையாது. சட்டம் அவர்களுடையது, குறை சொல்ல முடியாது. நான்கு அட்டையையும் கழற்றி மேஜையில் வைத்தோம். எட்டு வருடத்துப் பிளானும் அந்த மேஜையோடு முடிந்தது.

திரும்பும் பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி விசும்பிக்கொண்டே வந்தாள். மகள் நடுவில், அவளுக்கு அந்தப் பக்கம் அத்தான். நான் அவர்களுக்கு முன் சீட்டில், ஜன்னல் கண்ணாடியில் மூவரும் தெரிந்தார்கள்.

"அப்பா, உள்ள எவ்வளவு உயரம் வெச்சீங்க?"

ஷூவை அவர் மடியில் வைத்தாள். "எவ்வளவுப்பா? காட்டுங்க."

அவர் பசை காய்ந்த இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினார்.

அவள் அந்த விரல்களையே பார்த்தாள். "போன வருஷமும் ரெண்டு விரல்தானே குறைஞ்சுது?"

"ஆமாம்மா."

"அப்ப நான் வளரவே இல்லையா?"

"இல்லம்மா."

"இனிமே?"

அத்தான் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார். அக்கா திடுக்கிட்டுத் திரும்பினாள். "என்ன சொல்றீங்க? எப்போ தெரியும் உங்களுக்கு?" என்று அவர் சட்டையைப் பிடித்தாள்.

மகள் அவர்கள் பக்கம் பார்க்கவில்லை. முன்னால் சாய்ந்து என் தோளைத் தொட்டாள்.

"சித்தி, உங்களுக்கும் தெரியுமா?"

நான் வாயாடி. எதற்கும் என்னிடம் ஒரு பதில் இருக்கும். அவள் கை என் தோளிலேயே இருந்தது, நான் திரும்பவில்லை.