சூடு தெரியாத கை

இராஜபாளையத்துப் பஞ்சாலை ஒன்றில் இருபத்தேழு வருஷமாக எலக்ட்ரீஷியன் பொன்னுராஜ். ஓடுகிற மோட்டாரின் மேல் புறங்கையை வைத்து, "இது தாங்கும், அது தாங்காது" என்று சொல்லிவிடுவார். சொன்னது தப்பியதில்லை. சூடு பார்க்க மேனேஜர் வாங்கிப்போட்ட கருவி டப்பாவை விட்டு வெளியே வந்ததே கிடையாது. "அண்ணாச்சி கை வச்சாச்சா?" என்பார்கள். வச்சாச்சு என்றால் மேற்கொண்டு பேச்சில்லை. மனுஷனுக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருக்காதா பின்னே?

போன மாதம் ஏழாம் நம்பர் மோட்டாரில் கை வைத்து, "ஓடட்டும்" என்றார். இரண்டு மணி நேரத்தில் பேரிங் இறுகிப் புகைந்து, பஞ்சுத் தூசி பற்றிக்கொண்டது. அணைத்துவிட்டார்கள். யாருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் பழிக்கு ஒரு ஆள் வேண்டுமே! பொன்னுராஜ் கை தப்பாது. ஆகவே கிரீஸ் வைக்காமல் விட்ட ஃபிட்டர் கண்ணுச்சாமிதான் காரணம் என்று அவனை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள்.

அவன் கிரீஸ் வைத்ததைப் பொன்னுராஜ் தன் கண்ணால் பார்த்திருந்தார். வாயைத் திறக்கவில்லை. ஆறு மாதமாக விரல்கள் மரத்துக் கிடந்ததை மனைவி பரிபூரணத்திடம்கூட அவர் சொன்னதில்லை.

யாருக்கும் தெரியாமல் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனார். நரம்பு டாக்டர் பத்மாசனி அவரைக் கண்ணை மூடச்சொல்லி, வெந்நீர் நிரப்பிய கண்ணாடிக் குழாயையும் ஐஸ் தண்ணீர் நிரப்பியதையும் கையில் மாறி மாறி வைத்தார். இரண்டும் ஒன்றாகவே இருந்தன. பிறகு முழங்கையருகே சின்னதாக ஷாக் கொடுத்து, சிக்னல் ஓடும் வேகத்தை அளந்தார்கள். நொடிக்கு ஐம்பது மீட்டராவது ஓட வேண்டியது முப்பத்தொன்றுதான் ஓடியது. விரல்களிலிருந்து வரவேண்டிய சிக்னல் வரவே இல்லை.

"பன்னிரண்டு வருஷச் சர்க்கரை. நரம்பைச் சுத்தி இருக்கிற கொழுப்பு உறையைக் கெடுத்திருக்கு. சில நரம்பு அடியோட போயிருக்கு" என்றார் டாக்டர்.

"இன்சுலேஷன் போச்சுங்கீக. வோல்டேஜைக் கொஞ்சம் கூட்டிவிட்டா வந்து சேந்துரும்லா?"

இங்கேதான் எலக்ட்ரீஷியன் புத்தி சறுக்கியது. டாக்டர் சிரிக்கவில்லை.

"நரம்பு ஒயர் இல்லீங்க. ஒயர்ல ஒரு முனையில கொடுத்தது மறுமுனைக்குப் போயிடும். நரம்புல வழி நெடுக மின்சாரம் புதுசு புதுசா உண்டாகணும். வெளியில இருக்கிற சோடியம், நம்ம உப்புல இருக்கிறதுதான், நரம்புச் சுவர்ல இருக்கிற சின்னக் கதவு திறந்ததும் உள்ளே பாயும். அதுதான் சிக்னல். அது பக்கத்துக் கதவைத் திறந்துவிடும். உறை நல்லா இருந்தா தாவித் தாவி ஓடும். கெட்டுப்போனா தடுமாறும், நடுவழியில நின்னும் போகும். கூட்டிக் கொடுத்தாலும் பெரிசாகாது. வந்தா முழுசா வரும், இல்லைன்னா வராது."

"அப்ப என் கை?"

"சர்க்கரையைக் கட்டுப்படுத்தினா மேற்கொண்டு கெடாமப் பாத்துக்கலாம். போனது திரும்பும்னு நான் சொல்லமாட்டேன்."

அந்த ரிப்போர்ட்டைக் காட்டினால் கண்ணுச்சாமிக்கு வேலை திரும்பும், தன் பிழைப்பு போகும். மூன்று நாள் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஜெபமும் வாயில் வரவில்லை. தன்னைப் பார்க்கவே அவருக்கு அருவருப்பாக இருந்தது. சாயங்காலம் கண்ணுச்சாமி வீட்டுக்குப் போய் ரிப்போர்ட்டை நீட்டினார்.

"நீ கிரீஸ் வச்சே. எனக்குத்தான் சூடு தெரியலை. கை செத்துப்போச்சு. நாளைக்கு மேனேஜர்ட்ட சொல்லுதேன்."

அடிப்பான் என்று நினைத்தார். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். கண்ணுச்சாமி அந்தத் தாளைப் பார்க்கவே இல்லை.

"எம்புட்டு நாளா அண்ணாச்சி?"

"ஆறு மாசம் இருக்கும்."

கண்ணுச்சாமியின் முகம் மாறியது. "அப்ப மத்த மோட்டாரு? நாப்பதுக்கும் நீங்கதானே கை வச்சீக?"

பொன்னுராஜுக்கு அதுவரை இது உறைத்திருக்கவே இல்லை. இரண்டு பேர் வேலையை மட்டுமே மூன்று நாளும் எடைபோட்டுக்கொண்டிருந்தார். அந்த நாற்பதும் இப்போது ஓடிக்கொண்டிருந்தன. அவற்றை ஒட்டி, அறுந்த நூலை இணைத்தபடி பெண்கள் நின்றிருந்தார்கள்.

"நாளைக்கு எதுக்கு? இப்பமே ஏறுங்க, மில்லுக்குப் போவோம்" என்று சஸ்பெண்டில் இருந்தவன்தான் வண்டியை உதைத்துக் கிளப்பினான்.